குப்பை மூட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் கோபம் என்று அர்த்தமா?

கேள்வி: அக்கா, நான் நாகர்கோவில்காரன். ஜப்பானில் சைத்தாமா பக்கம் ஒரு சின்ன தேவாலயத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வந்து ஒரு வருடம் ஆகிறது. தெருவில் எல்லோரும் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. போன மாதம் குப்பை எடுக்க வந்தவர்கள் என் மூட்டையை மட்டும் எடுக்காமல், ஸ்டிக்கர் ஒட்டி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வகுப்புக்கு வருகிறவர்களை ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிட்டால் ‘யோசிக்கிறேன்’ என்கிறார்கள், வருவதில்லை. என்னை இவர்களுக்குப் பிடிக்கவில்லையோ? ஊருக்கே வந்துவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதலில் அந்தக் குப்பை மூட்டையைப் பார்ப்போம். நான் அங்கே ஆறு வருடம் குடியிருந்தவள். எனக்கும் இரண்டு தடவை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். பெட் பாட்டிலின் மூடியைக் கழற்றாமல், சுற்றியிருந்த லேபிளை உரிக்காமல் போட்டது முதல் குற்றம். எரியும் குப்பைக்குள் தகர டப்பாவைச் சொருகியது இரண்டாவது. உள்ளூர்க்காரர் தப்பாகப் போட்டாலும் அதே ஸ்டிக்கர்தான். மூட்டையை எடுத்துவந்து பிரித்து, உரிய நாளில் காலை எட்டு மணிக்குள் கொண்டுபோய் வையுங்கள். காக்காய் கொத்தாமல் இருக்க மேலே வலை கிடக்கும் இல்லையா, அதை ஓரம் வரை இழுத்து மூடிவிட்டு வாருங்கள். நீங்கள் மூடுகிற அழகை எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நம் தெருவில் இல்லாத பாட்டியா?

வீட்டுக்குக் கூப்பிடாததைப் பெரிதாக எடுக்காதீர்கள். பழகிய சிநேகிதர்களையே அங்கே பெரும்பாலும் வெளியில்தான் சந்திப்பார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. குடிவந்தபோது அக்கம்பக்கத்தில் போய்த் தலைகாட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் பக்கம் புதிதாக ஒருவர் குடிவந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் ‘எந்த ஊரு?’ என்று வந்து நிற்பார். அங்கே வந்தவர்தான் கதவைத் தட்ட வேண்டும். எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொன்று என்று கணக்கே உண்டு. கையில் ஒரு துண்டோ பிஸ்கட்டோ, 500 முதல் 1000 யென்னுக்குள். அதற்கு மேல் கொடுத்தால் பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அடுத்த முறை ஊருக்கு வந்து திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள்.

அப்புறம் அந்த ‘யோசிக்கிறேன்’. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது ‘பார்க்கலாம் தம்பி’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இலை போடுவீர்களா? அதேதான் இது. முகத்துக்கு நேரே ‘வரமாட்டேன்’ என்று சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்கிற மரியாதை. அந்த நாட்டில் நூற்றில் ஒருவர்தான் கிறிஸ்தவர். உங்களிடம் வருகிறவர்கள் ஆங்கிலத்துக்காக வருகிறார்கள், அதில் கள்ளம் எதுவும் இல்லை. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஹெப்பர்னும் மனைவி கிளாராவும் 1863இல் யோகோஹாமாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது ஜப்பானியர் கிறிஸ்தவராவதற்கே தடை. அந்தத் தடை விலகியது 1873இல். பத்து வருடம் பாடம் நடத்தியபடி பொறுத்திருந்தார்கள். நீங்கள் ஒரு வருடத்துக்கே மூட்டை கட்டுகிறீர்கள்!

என் யோசனை, வகுப்பு முடிந்ததும் ஆராதனைக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். தூண்டிலில் புழு மாதிரி ஆங்கிலத்தை வைத்தால் மீனுக்குத் தெரிந்துவிடும். மெழுகுவர்த்தி ஏற்றும் கிறிஸ்துமஸ் மாலை ஆராதனைக்கு மட்டும் ஒரு சீட்டு கொடுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அதற்கு ஆசையாக வருவார்கள். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு உடனே அடுத்தவரிடம் தாவாதீர்கள். என் வகுப்பில் ஒரு ஓய்வுபெற்ற ரயில்வே தாத்தா இருந்தார். பதில் சொல்ல முழுதாக அரை நிமிடம் எடுப்பார், காது சிவந்துவிடும். ஆனால் வரும் வாக்கியத்தில் ஒரு பிழை இருக்காது, வீட்டிலேயே நோட்டில் எழுதிப் பார்த்திருப்பார்.

நீங்கள் கோட்டாறு சவேரியார் ஊர்க்காரர் வேறு. 1549இல் ககோஷிமாவில் போய் இறங்கிய அவரே கடவுளுக்குத் ‘தைனிச்சி’ என்ற சொல்லை வைத்துப் பிரசங்கம் செய்தார். அது ஒரு புத்தரின் பெயர் என்று பின்னால்தான் விளங்கி மாற்றிக்கொண்டார். அதற்குப் பக்கத்தில் உங்கள் ஸ்டிக்கர் எம்மாத்திரம்?

சரி, உடனே செய்ய ஒன்று. தெருவில் வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்பு அட்டை, ‘கைரான்பான்’, உங்களிடமும் வரும். படித்து முத்திரை வைத்து, அடுத்த வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு ஓடிவருகிறீர்கள், அப்படித்தானே? இந்தத் தடவை மணி அடித்துக் கையில் கொடுங்கள். ஒன்றிரண்டு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டியிருக்கும். என்ன பேசினீர்கள் என்று அடுத்த மாதம் எழுதுங்கள்.