கள்ள உபதேசக் கூட்டத்திலிருந்து தப்பிக்கும் கதையை நம்பும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: கிறிஸ்தவ சஸ்பென்ஸ் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் தன் ஆறு வயது மகனுடன் ஆபத்தான கல்ட் ஒன்றிலிருந்து தப்பிக்கிறாள். மின்வேலி, நாய்கள், துப்பாக்கிக் காவலர்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனாலும் படித்துப் பார்த்தவர்கள், 'பயமே வரவில்லை, இவள் ஏன் முன்னாடியே போகவில்லை என்றுதான் தோன்றுகிறது' என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்:

வாசகர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். வேலியும் நாயும் காவலரும் உடம்பைத்தான் தடுக்கும். இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் வாசல் கதவைப் பூட்டுவதே இல்லை. ஆளை உள்ளே நிறுத்தி வைப்பது வேத வசனம். 'நான் போனால் என் பிள்ளை நரகத்துக்குப் போவான்' என்று மனதார நம்புகிற தாய்க்கு வேலி எதற்கு? அந்த நம்பிக்கையின் பாரத்தை வாசகரும் முதல் நூறு பக்கமாவது சுமக்க வேண்டும். சுமந்துவிட்டால் 'ஏன் போகவில்லை' என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் அவளை எந்த வசனத்தால் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று போதும். பெரும்பாலும் புழங்குவது சங்கீதம் 105:15: 'நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்'. தலைவனைக் கேள்வி கேட்டால் இதைத் தூக்கிப் போடுவார்கள். அடுத்தது 1 சாமுவேல் 15:23: கீழ்ப்படியாமை பில்லிசூனிய பாவத்துக்குச் சமம். மூன்றாவது, வெளியேற நினைப்பவர்களுக்கு, கலப்பையில் கை வைத்துத் திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றிய லூக்கா 9:62.

இப்போது அந்த அதிகாரங்களைத் திறந்து, முன்னும் பின்னும் வாசியுங்கள். சங்கீதம் 105-ல் 'அபிஷேகம்பண்ணினவர்கள்' யார்? 12, 13-ம் வசனங்கள் சொல்கின்றன: கொஞ்சத் தொகையான, நாடுவிட்டு நாடு அலைந்த பரதேசிகள். அவர்களை ஒடுக்க விடாமல் தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று 14-ம் வசனம். அதாவது அந்த வசனம் அதிகாரத்தில் இருப்பவனிடமிருந்து வழிப்போக்கரைக் காக்கிறது. பையை எடுத்துக்கொண்டு இருட்டில் நடக்கப்போகிற உங்கள் நாயகிதான் அந்த வசனத்துக்குள் இருக்கிறாள். தலைவன் ராஜாவின் இடத்தில் இருக்கிறான். சாமுவேல் சொன்ன வார்த்தையும் அப்படியே. அதைக் கேட்டவன் சாதாரண விசுவாசி இல்லை, கீழ்ப்படியாத சவுல் ராஜா.

நாவலின் திருப்புமுனை இங்கே இருக்கிறது. ஏழு வருஷம் அவளை மிரட்டிய அதே பக்கத்தில், மூன்று வசனம் மேலே, அவளுக்கு விடுதலை இருந்திருக்கிறது. தனியாக வேதம் வாசிக்க அங்கே அனுமதி இருக்காது; தலைவனின் குறிப்புத்தாளோடுதான் வாசிக்க வேண்டும், தலைப்பும் வசன எண்ணும் அதில் இருக்கும், மேலே கீழே போகக்கூடாது. ஒரு நாள் குறிப்புத்தாள் நனைந்து எழுத்து அழிந்துபோகிறது, அல்லது எண்ணைத் தவறாகப் பார்த்து மேலே வாசித்துவிடுகிறாள். அந்தக் காட்சிக்கு நான்கு பக்கமாவது கொடுங்கள். உடனே அவள் தெளிந்துவிடக்கூடாது. முதலில் வருவது பயம்: 'சாத்தான்தான் இதைக் காட்டுகிறான்'. வேதப்புத்தகத்தை மூடிவிடுவாள். மூன்று நாள் கழித்துத் திரும்ப அந்தப் பக்கத்துக்கே வருவாள்.

தலைவனை முதல் பக்கத்திலேயே ஓநாயாகக் காட்டாதீர்கள். ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு வருவார்கள் என்றுதானே மத்தேயு 7:15 சொல்கிறது? தோல் நன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். அவள் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவு முழுக்கக் கூட உட்கார்ந்திருந்தவன், பில்லைக் கட்டியவன் அவனாக இருக்கட்டும். அவள் முட்டாள் இல்லை, நன்றியுள்ளவள். பிறகு ஒவ்வொன்றாகப் போகும்: முதலில் பழைய சபை, பிறகு வேலை, பிறகு நகை, வீடு, போன், சொந்தக்காரர்கள், கடைசியில் பிள்ளை. ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சம்தான் உயரம். திரும்ப வேண்டுமென்றால் அதுவரை கொடுத்ததெல்லாம் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் நாளாக நாளாகப் போவது கடினமாகிறது.

கூட்டத்துக்கென்று ஒரு பேச்சு இருக்கும். மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961-ல் சிந்தனைக் கட்டுப்பாட்டின் எட்டு அடையாளங்களை வகுத்தபோது இதையும் ஒன்றாகச் சேர்த்தார்: யோசிக்கவிடாமல் பேச்சை முடித்துவைக்கும் சொற்கள். ஐந்தாறு சொல் போதும், அகராதி போடாதீர்கள். வெளியுலகம் 'எகிப்து'. கேள்வி கேட்பவனுக்குக் 'கோராகின் ஆவி' (மோசேயை எதிர்த்தவன், எண்ணாகமம் 16). தாயிடமிருந்து பிரித்த பிள்ளைகள் தூங்கும் இடம் 'சாமுவேல் அறை' (அன்னாள் ஆலயத்துக்கென்று கொடுத்த மகன் சாமுவேல்). பிள்ளையைக் கொடுக்க மறுக்கும் தாயிடம், 'அன்னாள் கொடுத்தாளே, உனக்கென்ன?' என்று ஒரே வரி. வில்லத்தனமான பேச்சு எதுவும் அதற்குமேல் தேவையில்லை.

அன்னாள் கதையில் உங்களுக்கு ஒரு பெரிய உதவியும் இருக்கிறது. 1 சாமுவேல் 2:19-ல் அவள் வருஷந்தோறும் மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோகிறாள். கூட்டமும் அதை அனுமதிக்கட்டும்: வருஷத்துக்கு ஒரு முறை அளவெடுக்க, ஒரு முறை போட்டுப் பார்க்க. தோளிலிருந்து மணிக்கட்டு வரை நூலைப் பிடிக்கிறாள். போன வருஷ முடிச்சைத் தாண்டி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறான். அந்த ஒரு விரற்கடை வளர்ச்சியையும் அவள் பார்க்கவில்லை. அவள் முடிவெடுப்பதற்கு அந்த நூல் போதும். அதே சட்டையின் மடிப்புக்குள் பணத்தைத் தைக்கலாம். புது நோட்டு சரசரக்கும். கசக்கிப் பழசாக்கி, துணிப்பட்டைக்குள் வைத்துத் தைக்க வேண்டும். சலவைக்குப் போகும் உடுப்பில் வைத்தால் மாட்டிக்கொள்வாள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்து பாவ அறிக்கை. பல கூட்டங்களில் உளவுத்துறையே இதுதான். வாரம் ஒரு நாள் எல்லாரும் தங்கள் பாவத்தையும் அடுத்தவர் பாவத்தையும் சொல்ல வேண்டும். கணவன் மனைவியைப் பற்றிச் சொல்வான், அன்போடு, அவள் ஆத்துமாவைக் காப்பாற்றுவதாக நம்பி. உங்கள் கதையில் மிக ஆபத்தான ஆள் துப்பாக்கிக் காவலன் இல்லை, ஆறு வயது மகன். அறிக்கை சொல்லப் பழக்கப்பட்டவன். அவனிடம் திட்டத்தைச் சொல்ல முடியாது. சொல்லாமல் நள்ளிரவில் எழுப்பினால் அழுவான். பொய் சொன்னால் 'அம்மா, பொய் பாவம்' என்று சத்தமாகச் சொல்வான். இருட்டில், வேலிக்குப் பத்தடி தூரத்தில், அவன் மண்டியிட்டு சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினால் அவள் என்ன செய்வாள்? வாயைப் பொத்துவாளா, கூட மண்டியிடுவாளா?

இனி தப்பிக்கும் இரவு. இதைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். விளக்கணைப்பு 10 மணி, அதிகாலை ஜெபம் 4 மணி, அங்கே தலை எண்ணுவார்கள். ஆறு மணி நேரம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் 24 மணி நேர ஜெபச் சங்கிலி ஓடுகிறது. மணிக்கு ஒருவர் விழித்திருப்பார். அவளுடைய முறை 1 முதல் 2 வரை. அந்த நேரத்தில் அவள் நடமாடினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், ஆனால் 2 மணிக்கு அடுத்தவள் வந்து காலியான ஜெப அறையைப் பார்ப்பாள். ஆக கையில் இருப்பது ஒரு மணி நேரம். வளர்ந்தவர் நல்ல சாலையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பார், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் சிறுவனோடு, இருட்டில், கரடுமுரடான தரையில் 2 கி.மீ. என்று வையுங்கள். ஆறு வயதுப் பிள்ளை 20 கிலோ இருப்பான். உபவாசத்தால் மெலிந்த தாய் சில நூறு மீட்டருக்கு மேல் தூக்கமாட்டாள். பிரதான சாலை 5 கி.மீ. தள்ளி இருந்தால், பாதி வழியில் பின்னால் வண்டி விளக்கு தெரியும். அடுத்தவள் தூக்கம் வராமல் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டால்? இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், மூன்று அத்தியாயம் தானாக வரும்.

தூக்கமின்மையும் பட்டினியும் அவள் மூளையை மந்தமாக்கும் என்பதையும் மறக்காதீர்கள். தப்பு நடக்க வேண்டுமென்றால் அதிலிருந்து நடக்கட்டும்: இடது வலது குழம்புவது, எண்ணி வைத்த படியை மறப்பது. வெளியே ஒரு ஆளாவது காத்திருக்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் மனப்பாடம் செய்த போன் எண் இன்று வேறொருவருடையதாக இருக்கலாம். மகனின் பிறப்புச் சான்றிதழும் அவளுடைய அடையாள ஆவணங்களும் தலைவனின் அலுவலகத்தில் இருக்கும். எடுத்தாலும் சிக்கல், எடுக்காவிட்டால் வெளியே வந்தபின் பெரிய சிக்கல்.

உண்மைச் சம்பவங்களைப் படியுங்கள், நகலெடுக்க வேண்டாம், அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக. கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 1978 நவம்பர் 18 அன்று 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாஸ்போர்ட்டுகளைக் கூட்டத்தின் தலைவன் ஜிம் ஜோன்ஸின் ஆட்களே வைத்திருந்தார்கள். அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் லியோ ரயான் பார்வையிட வந்தபோது, வெளியேற உதவி கேட்டு ஒரு துண்டுச்சீட்டு செய்தியாளர் கைக்குப் போனது. 18-ம் தேதி காலையிலேயே 11 பேர் பிக்னிக் போவதாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நடந்து தப்பினார்கள். ரயானோடு கிளம்பியவர்களில் ஒருவன் வெளியேறுகிறவனைப்போல நடித்து, துப்பாக்கியோடு விமானத்தில் ஏறினான். ரயான் விமானத் தளத்தில் கொல்லப்பட்டார். கூட வருகிறவன் உண்மையிலேயே தப்பிக்கிறவனா என்ற கேள்வியை உங்கள் கதையிலும் வையுங்கள்.

உகாண்டாவின் கனுங்குவில் இருந்த ஒரு கூட்டத்தின் தலைவர்கள், 1999 கடைசியில் உலகம் முடியும் என்றார்கள். முடியவில்லை. 2000 மார்ச் 17-ல் ஜெபக்கூடம் நூற்றுக்கணக்கானோரோடு எரிந்தது. தீர்க்கதரிசனம் பொய்த்த பிறகு கூட்டம் கலைந்துவிடும் என்று நாம் நினைப்போம். சில இடங்களில் அதன் பிறகுதான் தலைவன் மிக ஆபத்தானவனாகிறான். உங்கள் கதைக்கு ஒரு கெடு தேதி வேண்டுமென்றால், தேதி கடந்து மூன்றாவது வாரத்தில் வையுங்கள். 1993-ல் அமெரிக்காவின் வேக்கோவில் இப்படி ஒரு கூட்டத்தின் இருப்பிடத்தைச் சுற்றி நடந்த 51 நாள் முற்றுகையின்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தாங்கள் உள்ளேயே இருந்த பெற்றோர் உண்டு. உங்கள் நாயகியின் கணவனை எழுதும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

தேவன் எங்கே வருவார்? கிறிஸ்தவ சஸ்பென்ஸில் பலரும் சறுக்கும் இடம் இது. ஜெபித்தாள், மின்வேலி அணைந்தது என்று எழுதினால் விசுவாசியான வாசகரே புத்தகத்தை மூடிவிடுவார். அப்போஸ்தலர் 9:25-ல் பவுல் தமஸ்குவிலிருந்து தப்பியது ஒரு கூடையில். தேவதூதன் இல்லை, கயிற்றைப் பிடித்த சீஷர்களின் கைகள் இருந்தன. 12-ம் அதிகாரத்தில் பேதுருவுக்கு இரும்புக்கதவு தானாகத் திறந்தது, ஆனால் வீட்டு வாசலில் ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிவிட்டாள், அவர் தெருவில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார். அற்புதம் நடந்த பிறகும் ஆபத்து முடியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. தற்செயல் அவளைச் சிக்கலில் மாட்டிவிடலாம், சிக்கலிலிருந்து எடுத்துவிடக்கூடாது. ஜெபத்துக்குப் பதில் வரட்டும், ஆனால் யாரோ ஒருவர் விலை கொடுத்து வரட்டும்: 2 மணி முறைக்கு வந்தவள் காலி அறையைப் பார்த்துவிட்டு, மணியடிக்காமல், அவளுடைய இடத்தில் மண்டியிட்டு மூன்று மணிவரை ஜெபிக்கிறாள். விடிந்ததும் அவளுக்கு என்ன நடக்கும் என்று வாசகருக்குத் தெரியும்.

வேலியைத் தாண்டியதும் கதையை முடிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு அதற்குப் பிறகு இருக்க வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவர்களுக்கு உடனே வயிறு நிறையச் சாப்பாடு போடுவது உயிருக்கே ஆபத்து. இரத்தத்தில் உப்புச்சத்துகள் சட்டென்று சரிந்து இதயம் தடுமாறும். உங்கள் கதையில் யாராவது அன்பால் அந்தத் தவறைச் செய்யலாம். கடையில் சோப்பு வாங்கப் போய், எதை எடுப்பது என்று முடிவெடுக்கத் தெரியாமல் அழுவாள். ஒரு பழைய பாட்டு காதில் விழுந்ததும் மனம் மொத்தமாகக் கூட்டத்துக்குள்ளே திரும்பிப் போய்விடும், எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. கணவன் உள்ளே இருப்பதால் பிள்ளையைக் கடத்தியதாகப் புகார் வரலாம். கதை நடக்கும் நாட்டின் காவல், குழந்தைப் பொறுப்புச் சட்டங்களைப் படித்துவிட்டு எழுதுங்கள். காப்பாற்றிய ஆணைக் காதலிக்க வைக்காதீர்கள், ஒரு எஜமானிடமிருந்து இன்னொருவரிடம் கைமாற்றியதுபோல் ஆகிவிடும்.

நல்ல போதகர் ஒருவரைக் கொண்டுவர விரும்பினால், அவர் என்னென்ன செய்யமாட்டார் என்பதில் அவரைக் காட்டுங்கள். தலையில் கை வைத்து ஜெபிக்கமாட்டார். மேடையில் சாட்சி சொல்லக் கூப்பிடமாட்டார். காணிக்கைப் பை அவள் வரிசைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியை அவளுக்கென்று காலியாக வைத்து, ஆராதனை முடியும்வரை கதவைத் திறந்தே விட்டிருப்பார்.

மகனோ வெளியே வந்த பிறகும் ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து அன்றைய பாவங்களையெல்லாம் அவளிடம் ஒப்பிப்பான். அவளுடைய பாவங்களையும் சேர்த்து. 'சொல்லாதே' என்றால் பயந்து நடுங்குவான், அதனால் அவள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இதைக் கடைசி அத்தியாயங்களில் நாலைந்து தடவை காட்டுங்கள், ஒவ்வொரு தடவையும் பட்டியல் கொஞ்சம் சின்னதாகட்டும். ஒரு ராத்திரி அவன் எதுவும் சொல்ல மறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிடுகிறான். அங்கே முடிக்கலாம்.