உடல் அசைவால் கதை சொல்வதையே ஒருவர் வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நடனக் கலைஞர் அக்ரம் கான். 1974-இல் லண்டனில் பிறந்த வங்கதேசக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதில் பிரதாப் பவாரிடம் கதக் என்ற வட இந்திய நடனம் கற்றார். 13 வயதில் நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தில் சேர்ந்து நாடு நாடாகச் சுற்றினார். நவீன நடனம் படித்தது அப்புறம்தான். 2000-இல் சொந்தக் குழு தொடங்கினார்.

அவர் கதை சொல்லும் விதத்துக்கு 2011-இல் வந்த ‘தேஷ்’ தனிநடனத்தைப் பாருங்கள். மொட்டைத் தலையின் உச்சியில் ஒரு முகத்தை வரைந்திருப்பார். தலையைக் குனிந்ததும் அந்த முகம் நம்மைப் பார்க்கும். தோள் சுருங்கி, வயதான அப்பா அங்கே நிற்பார். நிமிர்ந்தால் மகன். உடை மாற்றவில்லை, விளக்கு அணையவில்லை. முதல்முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்காகப் பேச்சை அடியோடு ஒதுக்க வேண்டும் என்பதில்லை. 2005-இல் வந்த ‘ஜீரோ டிகிரிஸ்’ படைப்பில் இவரும் பெல்ஜிய நடனக் கலைஞர் சிடி லார்பி செர்கவியும் அருகருகே உட்கார்ந்து, ஒரு எல்லைப் பயண அனுபவத்தை ஒரே குரலாக, ஒரே கையசைவோடு சொல்வார்கள். பேசும்போது நாம் கவனிக்காத கையாட்டம், இருவர் சேர்ந்து செய்ததும் நடனமாகிவிடுகிறது.

சரி, உடல் தளர்ந்தால்? 2018-இல் ‘செனோஸ்’ தான் அவருடைய கடைசி முழுநீளத் தனிநடனம். ஆனால் அதற்கு முன்பே, 2016-இல், இங்கிலீஷ் நேஷனல் பாலே குழுவுக்கு ‘ஜிசெல்’ என்ற பழைய பாலே நடன நாடகத்தைப் புதிதாக அமைத்துக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் உடலில் கதையை எழுதும் வேலை தொடர்கிறது.