எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கு எச்.ஆர். வேலை: கேள்வி பதில்

நானும் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை படித்தவள்தான். மதுரையைச் சுற்றியுள்ள ஆலைகளில் 18 வருடமாக எச்.ஆர். (மனிதவளத் துறை) வேலை பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்கா, எம்.பி.ஏ. படித்தவர்களோடு நாங்கள் போட்டி போட முடியுமா?

ஐ.டி. கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலைக்கு அவர்களுக்குத்தான் முதலிடம். ஆலையில் நிலைமை வேறு. 500 தொழிலாளர்கள் இருந்தால் நல அலுவலர் கட்டாயம் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 250 ஆகிவிட்டது. தொழிலாளர் நலனைக் கவனிக்கும் அந்த வேலைக்கு நம் படிப்பு பொருந்தும். கப்பலூர், வேடசந்தூர், ராஜபாளையம் பக்கம் விசாரியுங்கள். ஓசூர், ஒரகடம் போகத் தயார் என்றால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும்: எந்த ஏஜென்சி கேட்டாலும் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

களப்பணிக்குப் போன இடத்தில் ஃபைல் அடுக்கச் சொல்கிறார்கள்.

அடுக்குங்கள் தம்பி, ஆனால் படித்துக்கொண்டே அடுக்குங்கள். யாருக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் பிடிக்கிறார்கள், 21,000 ரூபாய் சம்பளத்தைத் தாண்டியவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்ன ஆகிறது என்று அந்தத் தாளிலேயே இருக்கிறது. மதியம் கேண்டீனில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தகுதித் தேர்வுக்கு எந்தப் பாடம்?

சமூகப்பணி தனி, தொழிலாளர் நலம் மற்றும் மனிதவள மேலாண்மை தனி. பாடத்திட்டம் இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சமூகப்பணி படித்துவிட்டு முதலாளிக்கு வேலை பார்ப்பது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வி எனக்கும் வந்ததுதான். ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் இரவு ஷிப்ட் விட்ட நேரம், கேட் பக்கத்தில் ஒரு அம்மா மஞ்சள் பையோடு நின்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பித்தது இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் பெயருக்கு முன் ஒரு எழுத்து இனிஷியல். பி.எஃப். பதிவில் அப்பா பெயர் முழுதாக. அவ்வளவுதான் வித்தியாசம். அவரும் நிர்வாகமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கித்தர உள்ளே ஒருவர் வேண்டாமா? அந்த ஆள் நான்.

அது குமாஸ்தா வேலை. கான்ட்ராக்ட் தொழிலாளியை நிறுத்தும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?

நியாயமான கேள்வி. ஒரு முறை நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன், நிர்வாகம் கேட்கவில்லை. பாக்கிச் சம்பளத்தையும் பி.எஃப். பங்கையும் விடாமல் கணக்கு பார்த்து வாங்கிக் கொடுத்தேன். வேலையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனாலும் நான் வெளியே நின்றிருந்தால் அந்தப் பாக்கியும் வந்திருக்காது. இ.எஸ்.ஐ. பதிவை முதல் நாளே போட வைப்பதும் இதே வேலைதான். வேலையில் அடிபட்டால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. பாதுகாப்பு உண்டு என்பது பல தொழிலாளிகளுக்குத் தெரியாது. சங்கம் வெளியிலிருந்து கேட்கட்டும், நாம் உள்ளிருந்து கேட்போம். இரண்டும் வேண்டும்.

தொண்டு நிறுவன அனுபவம் எச்.ஆரில் செல்லுமா?

செல்லும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். அதில் வெளி உறுப்பினராக உட்கார அந்த அனுபவம் நேரடியாக உதவும்.

அக்கா, எம்.பி.ஏ.வா எம்.எஸ்.டபிள்யூ.வா, எது நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

வேலை வாங்கித்தருகிறோம் என்று 15,000 ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழும் கேட்கிறார்கள்.

இரண்டையும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக் காலையிலேயே போய்த் திரும்பக் கேளுங்கள், தனியாகப் போக வேண்டாம். தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.