கட்டை அடுக்கும் விளையாட்டில் பத்து அடுக்கைத் தாண்டவே முடியவில்லை, ஏன்?

திரையில் இப்படியும் அப்படியும் நகரும் கட்டை, கீழே இருக்கும் கட்டைக்கு நேராக வந்ததைப் பார்த்த பிறகு தட்டுறீங்க, அங்கேதான் தப்புங்க. கண் பார்த்து விரல் அசைய ஏறத்தாழ 0.25 நொடி ஆகும். அதற்குள் கட்டை நகர்ந்துவிடும். வெளியே நீட்டிய துண்டு வெட்டுப்பட்டு, அடுத்த கட்டை அந்த அளவுக்குக் குறுகியே வரும். ஒரு சின்னப் பிசகு கடைசி வரைக்கும் கூடவே வரும்.

தாளத்தில் தட்டிப் பாருங்க. கோவை அருகே சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். தறியில் ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும் அந்த 'டக்கு டக்கு' காதிலேயே இருக்கிறது. கட்டையும் அப்படித்தான் போய்வருகிறது. ஒரு தடவை தட்டாமல் விட்டு மனசுக்குள் எண்ணுங்க, அடுத்த தடவை எண்ணிக்கைக்குத் தட்டுங்க.

2016-இல் வந்த 'ஸ்டாக்' (Stack) என்ற கட்டை அடுக்கும் விளையாட்டில் தொடர்ந்து பிசகில்லாமல் அடுக்கினால் கட்டை மறுபடி அகலமாகும். உலாவியில் ஆடினால் மற்றப் பக்கங்களை மூடிவிடுங்க. படம் திக்கினால் தாளம் போச்சு.