பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது நோயா?

வாசகி ஒருவரின் கேள்வி: "எனக்கு 46 வயது. சமையலறையில் டப்பாக்கள் உயர வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஆகாது. வெளியூர் கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். ராத்திரி படுத்த பிறகு சிலிண்டரை மூடினேனா என்று இரண்டு தடவையாவது எழுந்து போய்ப் பார்ப்பேன். 'அம்மாவுக்கு ஓசிடி' என்று என் மகன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறான். நிஜமாகவே இது நோயா? மருந்து சாப்பிட வேண்டுமா? என் மகளும் என்னைப் போலத்தான், சுத்தம் அதிகம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏழெட்டு மாதமாகக் குளிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது, பஸ்ஸைத் தவற விடுகிறாள். சாமி அறைப் பக்கமே வருவதில்லை. 'நான் யாரையும் தப்பா ஒண்ணும் சொல்லலையே?' என்று ஒரே நாளில் இருபது தடவை கேட்கிறாள். பரம்பரைப் பழக்கம் என்று விட்டுவிடலாமா?"

உங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கவலை வரவில்லை. மகளைப் பற்றிய கடைசி நாலைந்து வரிகளில்தான் வந்தது. அதனால் உங்கள் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு அவளிடம் வருகிறேன்.

டப்பாக்கள் வரிசையாக நின்றால் உங்களுக்கு ஒரு திருப்தி. யாராவது மாற்றி வைத்தால் எரிச்சல் வரும், நாலு வார்த்தை திட்டுவீர்கள், அப்புறம் அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். பூட்டை மூன்று முறை இழுத்தபின் பஸ் ஏறிவிட்டால் பயணம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். சிலிண்டரை இரண்டு முறை பார்த்தால் தூக்கம் வந்துவிடுகிறது. இதெல்லாம் உங்கள் சுபாவம். ஒரு நாளில் இதற்கு ஐந்து நிமிடம் போகுமா? நோய் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. மருந்தும் வேண்டாம். மகனிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். ஓசிடி என்ற சொல்லை அவன் வேடிக்கையாகச் சொல்லச் சொல்ல, அதே வீட்டில் நிஜமாகத் தவிக்கிற ஒருத்தி வாய் திறக்க இன்னும் கூச்சப்படுவாள்.

எண்ணச் சுழற்சி நோய் என்று நாம் சொல்கிற ஓசிடிக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று, வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற எண்ணம், காட்சி, சந்தேகம். இன்னொன்று, அது கிளப்புகிற பதற்றத்தைத் தணிக்கச் செய்கிற செயல். கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது, மற்றவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இவை சேர்ந்து ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றாலோ, படிப்பையும் வேலையையும் உறவையும் கெடுத்தாலோ, கடுமையான வேதனை தந்தாலோ நோய் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆக, வெளியே தெரிகிற செயலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அந்தச் செயல் எதற்காக நடக்கிறது, அதை விட்டுவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

சுத்தம் பிடித்தவர் அழுக்குப் போவதற்காகக் குளிக்கிறார். அழுக்குப் போனது கண்ணுக்குத் தெரிந்ததும் வெளியே வந்துவிடுகிறார். ஓசிடி உள்ளவர் பயம் போவதற்காகக் குளிக்கிறார். பயம் போய்விட்டது என்று எந்தக் கண்ணாடியும் காட்டாது. அதனால் அந்தக் குளியலுக்கு முடிவு கிடையாது. சோப்புப் போட்ட கை குழாயில் பட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் இதை அழுதுகொண்டேதான் சொல்வார்கள். தாங்கள் செய்வது அர்த்தமில்லாதது என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் அந்த வேதனை.

நம் வீடுகளில் இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போக ஒரு காரணம் உண்டு. மடி, தீட்டு, எச்சில் என்று கழுவுவதற்கும் குளிப்பதற்கும் நம்மிடம் ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றன. நோய் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்ளும். ஆனால் ஆசாரம் எதுவானாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம், அதோடு சரி. 'போதும்மா' என்று பாட்டி சொன்னால் போதும்தான். ஓசிடி அந்தப் 'போதும்' என்ற சொல்லை ஏற்காது. உச்சந்தலையில் தண்ணீர் பட்டதா என்று மறுபடி கேட்கும். முஸ்லிம் குடும்பங்களில் 'வஸ்வாஸ்' என்று ஒரு சொல் புழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். தொழுகைக்கு முன் கழுவிக்கொள்ளும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா என்று ஓயாமல் அரிக்கிற சந்தேகத்தையும் அப்படிச் சொல்வார்கள். மார்க்கம் கேட்பதைவிட அதிகமாகக் கழுவுவதை அங்கேயே பெரியவர்கள் பக்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் மகள் சாமி அறைக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் நான் அதிகம் நின்றேன். சுத்தம் பிடித்த பெண் என்றால் குளித்து முடித்து முதலில் அங்கேதானே போவாள்? ஒரு கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் இப்படிச் சாமி அறையைத் தவிர்க்கிறவர்களில் சிலருக்கு, விளக்கின் முன் நின்றதும் தெய்வத்தைப் பற்றி அசிங்கமான வார்த்தையோ ஆபாசமான காட்சியோ மனதில் பாய்ந்து வரும். 'சாமியையே இப்படி நினைக்கிறேனே, நான் எவ்வளவு கெட்டவள்' என்று நடுங்கி ஒதுங்கிப் போவார்கள். இதே போல, பால் கொடுக்கிற தாய் ஒருத்திக்குத் தன் குழந்தையைத் தானே கீழே போட்டுவிடுவோமோ என்று எண்ணம் வரும். இதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். வெளியே தெரிவது நீளமான குளியலும் 'நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே' என்ற கேள்வியும் மட்டும்தான்.

அந்த மாதிரி எண்ணம் வருவதே கெட்ட மனதின் அடையாளமா? இல்லை. 1978இல் ஸ்டான்லி ரேக்மன் என்ற உளவியலாளரும், லண்டனில் பணியாற்றிய இலங்கை உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் எந்த மனநோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பேர் தங்களுக்கும் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணங்களின் உள்ளடக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இது நோயாளியுடையது, இது மற்றவருடையது என்று பிரிப்பது எளிதாக இல்லை. வந்த எண்ணத்தை ஒருவர் 'சீ' என்று உதறிவிட்டுப் போகிறார். இன்னொருவர் அதற்கு அர்த்தம் தேடுகிறார், பிராயச்சித்தம் செய்கிறார், அதனாலேயே அது திரும்ப வருகிறது. எதை உயிராக மதிக்கிறோமோ அதன் மேல்தான் இந்த நோய் கை வைக்கும். பக்தி இல்லாதவளுக்குச் சாமியைப் பற்றிய எண்ணம் இவ்வளவு வலிக்காது.

இனி அந்த இருபது தடவைக் கேள்வி. 'இல்லைம்மா, நீ ஒண்ணும் சொல்லலை' என்று நீங்கள் பதில் சொல்கிறீர்கள். அன்பால்தான் சொல்கிறீர்கள். அவள் முகம் ஒரு நிமிடம் தெளியும். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவள் மூளை ஒரு பாடம் படிக்கிறது: கேட்டதால்தான் பயம் போயிற்று, அடுத்த முறையும் கேட்டால்தான் போகும். கழுவுவதும் சரிபார்ப்பதும் பிடி இறுக்குவது இதே வழியில்தான். 2003இல் நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோயில்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை மூடச் சொல்லி, மூடினோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கவும் வைத்தார்கள். அடுப்பை மூடியது அவர்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவின் மேல் இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது, காட்சி மங்கிவிட்டது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்கிறது. நீங்கள் ராத்திரி சிலிண்டருக்கு ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ள இது ஒரு நல்ல காரணம்.

அதற்காக நாளை காலையிலேயே பதில் சொல்வதை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். அவளுக்கு அது தண்டனையாகத் தெரியும். முதலில் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். 'நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். இது எத்தனையோ பேருக்கு இருக்கு, இதுக்கு வைத்தியம் இருக்கு' என்று சொல்லுங்கள். மனதில் வருகிற எண்ணம் என்னவென்று தோண்டாதீர்கள். பிறகு இருவருமாக ஒரு ஒப்பந்தத்துக்கு வாருங்கள். 'நீ கேட்கும்போது ஒரு தடவை பதில் சொல்றேன். ரெண்டாவது தடவை கேட்டா, இது அந்த பயத்தோட கேள்வின்னு மட்டும் சொல்வேன், பக்கத்திலயே இருப்பேன்.' இந்த மாதிரி. தண்ணீரை நிறுத்துவது, குளியலறைக் கதவைத் தட்டிக் கத்துவது, கையைப் பிடித்து இழுத்து வருவது இவையெல்லாம் வேண்டாம். அவசரப்படுத்தினால் அவள் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள், நேரம் இன்னும் கூடும்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். நெருங்கிய உறவில் ஓசிடி இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது ஓசிடியாகத் தெரியவில்லை. அதனால் 'என்னைப் போலத்தான்' என்ற கணக்கே இங்கே பொருந்தாது. உங்கள் வளர்ப்பில் தவறு தேடவும் வேண்டாம். பதின்பருவத்திலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இது தலைகாட்டுவதுதான் வழக்கம், அவள் வயது அதுதான். பலரும் வருடக்கணக்கில் மறைத்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் ஏழெட்டு மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள், அது அவளுக்கு நல்லது.

சிகிச்சையில் நன்றாகப் பலன் தருவது இரண்டு. முதலாவது, பயத்தை எதிர்கொண்டு செயலைத் தடுக்கும் பயிற்சி. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இதன் முதல் வெற்றிகளை எழுதும்வரை, இது அசையாத நோய் என்றே பலர் நினைத்திருந்தார்கள். மிகச் சின்னப் பயத்தில் தொடங்குவார்கள். உதாரணமாக, கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கை கழுவாமல் இருப்பது. பதற்றம் ஏறும். கழுவாமலே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்கும். இறங்காத நாளிலும், அதைத் தாங்க முடிகிறது என்று அவள் கண்டுகொள்வாள். பயிற்சி பெற்றவரோடு சேர்ந்து செய்ய வேண்டியது இது, வீட்டிலேயே நாமாகத் தொடங்கும் வேலையில்லை.

இரண்டாவது மருந்து. ஃப்ளுவோக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளுவோக்ஸமின் போன்றவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இரண்டு வாரத்தில் 'ஒண்ணும் கேட்கலை' என்று நிறுத்திவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இவை போதைக்கு அடிமையாக்கும் மருந்துகள் இல்லை. ஆனால் இளவயதினருக்குத் தொடங்கிய முதல் சில வாரங்களில் மனநிலையைக் கவனிக்க வேண்டும். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லி, மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண். இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இங்கே கேட்காத கடினமான நிலை என்றால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது. 'செத்துப் போயிடலாம்' என்ற பேச்சு எப்போதாவது வந்தால் மட்டும் நாள் பார்க்காமல் அன்றே அழைத்துப் போங்கள்.

போகுமுன் ஒரு வாரம், குளியலுக்கு எவ்வளவு நேரம், எத்தனை பஸ் தவறியது, என்னென்ன தவிர்த்தாள் என்று அவளையே ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் வேலை பாதி குறையும். அறைக்குள் போனதும் 'இவ குளிக்கவே ஒரு மணி நேரம் டாக்டர்' என்று நீங்கள் தொடங்க வேண்டாம், அந்தத் தாளை அவளே நீட்டட்டும். தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மனம் வருந்தாமல் வெளியே உட்காருங்கள். சாமி அறையில் என்ன நடக்கிறது என்பதை அவள் முதல் தடவையாக அங்கேதான் சொல்லக்கூடும். திரும்பி வரும்போது உள்ளே என்ன பேசினாள் என்று பஸ்ஸில் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால், அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.