நாற்பது பூக்களை என்ன செய்வது?
துண்டுத்துணிக் கைவேலை: வாசகர் கேள்வி பதில்

அக்கா, அறுகோணத் துணிகளைக் காகிதத்தின் மேல் மடித்துத் தைத்து, டபுள் காட் விரிப்பு ஒன்று தொடங்கினேன். துண்டின் ஒரு பக்கம் ஓர் அங்குலம். நாற்பது பூ முடித்ததும் சலித்துவிட்டது. நாலு வருஷமாகப் பெட்டியில் கிடக்கிறது. இனி முடிப்பேனா? – வாசகி, நாமக்கல்

நீங்கள் நினைத்த அளவில் முடிக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாமல் கணக்கைப் பாருங்கள். ஓரங்குலப் பக்கம் உள்ள அறுகோணம் சுமார் 2.6 சதுர அங்குல இடத்தைத்தான் நிரப்பும். 90க்கு 100 அங்குல விரிப்பு என்றால் ஏறக்குறைய 3,460 துண்டு வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று பூவுக்கு ஏழு துண்டு. நாற்பது பூவுக்கு 280. நாலு வருஷத்துக்கு முன் நீங்கள் செய்து முடித்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சலிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் 280 துண்டு சின்ன விஷயமும் இல்லை. பூக்களை அப்படியே ஒன்றோடொன்று சேர்த்தால் 24க்கு 30 அங்குலம் வரும். பிறந்த குழந்தைக்கு விரிக்கலாம். பூவுக்கும் பூவுக்கும் நடுவே வெள்ளை வரிசை ஒன்று விட்டால் பூவுக்கு ஐந்து வீதம் இன்னும் 200 துண்டு ஆகும். அளவு 30க்கு 40க்குப் போய்விடும்.

டபுள் காட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நான் செய்வது இது. சென்னிமலைக் கைத்தறி விரிப்பு, டிசைன் இல்லாமல் ஒரே நிறத்தில் ஒன்று வாங்குவேன். ஒருமுறை நனைத்துக் காயவைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒன்பது அங்குலத்துக்கு ஒரு பூ என்று வைத்து எம்மிங் செய்துவிடுவேன். நான்கு பக்கமும் சுற்றி வர நாற்பது பூ சரியாகப் போதும். காகிதத்தை உருவும் முன் பூவைக் கஞ்சித் தண்ணீர் தெளித்து அழுத்தி இஸ்திரி போடுங்கள். அப்போதுதான் வெளி ஓரத்து மடிப்பு கலையாமல் நிற்கும்.

காகிதத்தை உருவச் சோம்பலாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். துவைக்கிற பொருளுக்கு உருவித்தான் ஆக வேண்டும். ஆனால் உங்களுக்குத் துணையாக ஆட்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1718 என்று வருஷம் போட்டுத் தைத்த ஒரு பட்டு விரிப்பு இருக்கிறது. அங்குள்ள குவில்ட் (அடுக்குவைத்துத் தைக்கும் விரிப்பு) கலைஞர்கள் சங்கம் 2000இல் அதை வாங்கியது. அதற்குள் காகிதங்கள் இன்னமும் இருக்கின்றன. கடிதம், கணக்குத்தாள் என்று அந்தக் காலத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வெட்டி வைத்துத்தான் தைத்தார்கள். விரிப்பின் வயதைச் சொல்ல இன்று அந்தக் காகிதங்களே உதவுகின்றன. நான் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டுகிறேன். ரொம்பத் தடிமனான பத்திரிகை ஆகாது, ஊசி வளைந்துவிடும்.

மெஷினில் ஒரு மணி நேரத்தில் முடிவதைக் கையால் வாரக்கணக்கில் தைப்பானேன்? – வாசகி, சென்னை

அவசரம் என்றால் மெஷினில் உட்காருங்கள், நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் எட்டுச் சாய்சதுரங்கள் ஒரு புள்ளியில் வந்து கூடும் நட்சத்திரம் ஒன்றை ஒருமுறை கையால் தைத்துப் பாருங்கள்.

துணியின் உள்பக்கத்தில் பென்சிலால் போடுவது தையல் கோடு. வெட்டுவது அதற்கு வெளியே கால் அங்குலம் தள்ளி. அது கண் அளவில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு துண்டையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டிப் பிடித்து, மூலைப் புள்ளிகளில் குண்டூசி குத்தி, முதல் தையலைப் பின் தையலாகப் போட்டுவிட்டு, ஊசியில் நாலைந்து ஓட்டத் தையலாக ஏற்றிக்கொள்ளுங்கள். நூலை இழுப்பதற்கு முன் திருப்பிப் பாருங்கள். பின்பக்கக் கோட்டின் மேலும் ஊசி போயிருந்தால் இழுக்கலாம். மறுமூலைப் புள்ளி வந்ததும் நின்றுவிட வேண்டும். தையலுக்கு விட்ட துணிக்குள் போகவே கூடாது. மெஷின் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடி அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கைத்தையலில் மூலை கட்டில்லாமல் நிற்கும். எட்டுத் துண்டும் கூடியபின் பின்பக்கம் திருப்பி, விளிம்புகளையெல்லாம் ஒரே திசையில் சுற்றிப் படுக்கவையுங்கள். நட்டநடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக இன்னொரு நட்சத்திரம் விரியும். முன்பக்கத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அதற்காகவே தைக்கத் தோன்றும்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. பத்துத் துண்டு, ஒரு ஊசி, கொஞ்சம் நூல், ஒரு குட்டிக் கத்தரி, எல்லாம் ஒரு சுருக்குப் பைக்குள் அடங்கும். டாக்டர் கிளினிக்கில் டோக்கன் வாங்கிவிட்டு உட்காரும்போது எடுத்துக்கொள்ளலாம். கைத்தையல் பொறுமையைக் கற்றுத்தரும் என்கிறார்களே, அதெல்லாம் எனக்கு வாய்க்கவில்லை. ரேஷன் கடை வரிசை நகராவிட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பனியன் கம்பெனி கட்பீஸ் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகி, திருப்பூர்

இந்த வேலைக்கு வேண்டாம். பின்னலாடைத் துணி இழுத்த பக்கம் நீளும். நீங்கள் போட்ட கோடு நீங்கள் போட்ட இடத்தில் இருக்காது. தெருமுனை டெய்லரிடம் டூ பை டூ ரவிக்கைத் துணியின் மிச்சம் கேளுங்கள், லைனிங் துணியும் தருவார். சிவப்பு, கருநீலம், சுங்குடி எதுவானாலும் முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஒதுக்கிவையுங்கள். பழைய பட்டுப்பாவாடையைச் சேர்க்க ஆசை என்றால் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். இற்றுப்போன பட்டு, தையல் ஓரத்திலேயே கிழியும்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். காலமான என் மனைவி பாதியில் விட்ட பேட்ச்வொர்க் விரிப்பு வீட்டில் இருக்கிறது. பத்துப் பதினைந்து சதுரம் தைத்திருக்கிறாள், மீதி வெட்டியபடியே கிடக்கிறது. எனக்குப் பட்டன் தைக்க மட்டும் தெரியும். வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. – வாசகர், திருநெல்வேலி

ஐயா, பட்டன் தைக்கத் தெரிந்தவருக்கு ஓட்டத் தையல் ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். அம்மா வெட்டிவைத்த துண்டுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். பென்சில் கோடு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் கோட்டின் மேலேயே தைத்துக்கொண்டு போங்கள். முதலில் பழைய வேட்டித் துணியில் இரண்டு சதுரம் பழகிவிட்டு அப்புறம் அதைத் தொடுங்கள். அவர் தைத்ததை ஒழுங்குபடுத்துகிறேன் என்று பிரிக்கவே வேண்டாம். உங்கள் தையல் பெரிதாக இருக்கும், இருக்கட்டும். எது யார் தைத்தது என்று பிள்ளைகள் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள்.

துண்டு போதாவிட்டால் கடைக்குப் போகாதீர்கள். அவருடைய புடவையோ உங்கள் பழைய சட்டையோ போதும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் தைத்த விரிப்புகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன, 2006இல் அவற்றுக்கு அஞ்சல்தலையும் வந்தது. அதே ஊரில் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளையே வெட்டி 1942இல் ஒரு விரிப்பு தைத்தார். முட்டிப் பகுதியில் வெளுத்தது வெளுத்தபடியே அதில் இருக்கிறது. போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார். நீங்களும் முடித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள்.

துண்டுகளை இணைத்து விரிப்பின் மேல்பகுதி நாலைந்து தைத்து முடித்துவிட்டேன். பின்துணி, பஞ்சு வைத்துத் தைக்கும் கட்டத்தில் எல்லாமே நின்றுவிடுகிறது. எனக்குச் சோம்பேறித்தனமா? – வாசகி, கும்பகோணம்

சோம்பேறி நாலு மேல்பகுதி தைக்க மாட்டாள். நிற்கிற இடத்தைக் கவனியுங்கள்: தரையில் மூன்று அடுக்கை விரித்து, தவழ்ந்து தவழ்ந்து நூலோட்ட வேண்டிய இடம். முட்டி வலிக்கும், வீட்டில் நடக்க வழி இருக்காது. எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். இரண்டு பேர் கை கொடுத்தால் ஒரு காலையில் முடியும். தீபாவளிப் பலகாரத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி அக்கம்பக்கத்தில் கூப்பிடுங்கள். நாலில் உங்களுக்கே பிடிக்காமல் போனது எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம், பாவமில்லை.

அடுத்ததாகக் கவாந்தி என்ற துண்டுத்துணி விரிப்பைத் தைத்துப் பாருங்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்களின் வேலை அது. ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். பழைய பருத்திப் புடவையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுத் துணியை மடித்து மடித்து வைத்து ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டுகளை இணைப்பதும் அடித்துணியோடு தைப்பதும் ஒரே தையலில் நடக்கின்றன. மேல்பகுதி என்று தனியாக ஒன்று இல்லாததால், அது அலமாரியில் காத்திருக்கும் பேச்சும் இல்லை. ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் கடைசியில் ஓரப்பட்டி கட்டும் எரிச்சலும் மிச்சம். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். அது இல்லாத கவாந்தி அவர்கள் கண்ணுக்கு அம்மணமாம்.

நூல் முறுக்கி முறுக்கி முடிச்சு விழுகிறதே? – வாசகி, காரைக்குடி

நீளமாகக் கோக்கிறீர்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போதும். நூல்கண்டிலிருந்து உருவும்போது முதலில் வரும் நுனியை ஊசியில் கோத்துவிட்டு, வெட்டிய நுனியில் முடிச்சுப் போடுங்கள். நாலு தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும். ஊசி 10ஆம் நம்பர் வாங்குங்கள். நம்பர் ஏற ஏற ஊசி மெல்லிசாகும். கோக்கக் கண் தெரியவில்லை என்றால், காலை வெளிச்சத்திலேயே ஏழெட்டு ஊசிக்கு நூல் கோத்துக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடலாம். ஊசிக்கு ஒரு கடலைமிட்டாய் என்பது எங்கள் வீட்டு ரேட்.