தவளையில பிஎச்டி பண்ணணும்னா காலண்டர் மழையோட கைல இருக்கு

ராஜபாளையத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: எம்எஸ்சி விலங்கியல் முடிச்சாச்சு, தவளைய வச்சு பிஎச்டி பண்ண ஆசை, சேர்ந்த உடனே காட்டுக்குப் போயிடலாமா, புது இனம் கண்டுபிடிச்சாதான் மதிப்பான்னு.

புது இனம் கிடைச்சா சந்தோஷம்தான்மா, ஆனா அத நம்பி ஆரம்பிக்காதீங்க. பேர் வச்ச தவளைங்கள்லயே எது எங்க முட்டை போடுது, தலைப்பிரட்டை என்ன ஆகுதுன்னு தெரியாதது நிறைய கெடக்கு. உங்க ஊர் பக்கமே பாருங்க, மண்ணுக்குள்ளயே வாழ்ற ஊதாத்தவளைக்கு 2003ல பேர் வச்சாங்க, அதோட சொந்தக்காரத் தவளை ஒண்ண ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில இருந்து 2017ல அறிவிச்சாங்க, மறைஞ்ச ஆய்வாளர் பூபதி சாரோட பேருதான் அதுக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையோட மேற்கு பக்கத்து ஊதாத்தவளை தென்மேற்கு மழைக்கு முட்டை போடும், இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தவளை கிழக்குச் சரிவுல வடகிழக்கு மழைக்குப் போடுது. மலை ஒண்ணுதான், சீசன் வேற. இந்த மாதிரி ஒரு கேள்விய மொதல்ல பிடிங்க, இனம் பின்னாடி வரட்டும்.

சேர்ந்த உடனே காட்டுக்குப் போக முடியாது. வனத்துறை அனுமதி வர மாசக்கணக்குல ஆகும், ஐப்பசி மழைக்கு அனுமதி கைல இல்லன்னா அந்த வருஷம் போச்சு, அடுத்த ஐப்பசி வரைக்கும் உக்காந்துதான் இருக்கணும், எனக்கே அப்படி ஒரு வருஷம் போயிருக்கு. அதனால ஆராய்ச்சிக்கு கைடு யாருன்னு பேசி முடிச்ச வாரமே விண்ணப்பத்த எழுதிடுங்க. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் ஜேஆர்எஃப் பரீட்சைய கண்டிப்பா எழுதுங்க, 2023ல இருந்து உதவித்தொகை மாசம் 37,000 ரூபா, வீட்ல கேக்காம சமாளிக்கலாம்.

ஃபீல்டு வேலை இருட்டுனதுக்கு அப்புறம்தான். ஹெட்லாம்ப், அட்டைப்பூச்சி கடிக்காம இருக்க சாக்ஸ், கூட கட்டாயம் ஒரு ஆள், யானை இருக்குற எடம். ஒவ்வொரு தவளைக்கும் புது கிளவுஸ், காது குடையுற பட்ஸ் மாதிரி ஒரு குச்சியால வயிறு, தொடை, விரல் இடுக்குன்னு மெதுவா தேய்ச்சு எடுக்கணும், தவளைத் தோல்ல நோய் உண்டாக்குற கைட்ரிட் பூஞ்சை இருக்கான்னு பாக்க. ஒரு ஓடையில இருந்து அடுத்த ஓடைக்குப் போறப்போ பூட்ஸ பிளீச்சிங் தண்ணில கழுவி காய வைங்க, இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேண்டவே வேண்டாம், உலகத்துல தவளை மாதிரி நீர்லயும் நிலத்துலயும் வாழ்ற இனங்கள்ல அஞ்சுக்கு ரெண்டு அழிவு ஆபத்துல இருக்கு, நோய சுமந்துட்டுப் போற கால் நம்மளோடதா இருக்கக்கூடாது.

அனுமதி வர்ற வரைக்கும் ஊர் கண்மாய்க்கு தினம் ராத்திரி போங்க, தவளையத் தொட வேணாம், எந்தத் தவளை எத்தனை மணிக்கு கத்துதுன்னு போன்ல ரெக்கார்ட் பண்ணி எழுதி வைங்க, ஒண்ணும் கத்தாத ராத்திரியையும் சேர்த்து. கைட பாக்கப் போறப்ப அந்த நோட்ட எடுத்துட்டுப் போங்க.